குழந்தை வேறு வீட்டுக்குப் போனால் ஜீவனாம்ச உத்தரவு என்ன ஆகும்?

பெற்றோர் பிரிந்தபோது குழந்தை அம்மாவிடம் இருந்தது. மாதம் இவ்வளவு என்று அப்பா பணம் கட்ட வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. சில ஆண்டுகள் ஓடின. அம்மாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது; குழந்தை இப்போது பாட்டி வீட்டில் வளர்கிறது. இன்னொரு குடும்பத்தில், பத்தாம் வகுப்பு படிக்கப் பையன் அப்பா இருக்கும் ஊருக்கே வந்துவிட்டான். மற்றொன்றில் அம்மா இறந்துபோய், சித்தி வளர்க்கிறாள். இப்போது அந்தப் பணத்தை யார் கொடுக்க வேண்டும், யார் வாங்க வேண்டும்? பழைய உத்தரவு இன்னும் செல்லுமா?

செல்லும். குழந்தை இடம் மாறியதால் மட்டும் உத்தரவு தானாக மாறுவதில்லை, நின்றுபோவதும் இல்லை. நீதிமன்றம் எழுதியதை நீதிமன்றம்தான் திருத்த வேண்டும். இது தெரியாமல் நிலுவையில் மாட்டிக்கொண்ட அப்பாக்களும், வர வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்ட பாட்டிகளும் ஏராளம். இந்தியச் சட்டத்தில் இந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை, இதற்கு முன் நீதிமன்றப் படி ஏறாதவர்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் உத்தரவின் நகலை எடுத்துப் படியுங்கள்

வக்கீலைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலரிடம் நகலே இருப்பதில்லை. "மாதம் எட்டாயிரம் போட்டாங்க" என்ற நினைவு மட்டும்தான் இருக்கும். ஜீவனாம்ச உத்தரவின் நகலைப் பணம் பெறுபவருக்கோ அவருடைய பாதுகாவலருக்கோ இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஆகவே கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

நகலில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உத்தரவு பிறந்தது என்பது. நம் நாட்டில் குழந்தைக்கான பணத்தைக் கேட்க ஒரே வழி இல்லை; பல வழிகள் இருக்கின்றன. எல்லா மதத்தவருக்கும் பொதுவானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால், அதே பிரிவு இப்போது 144 என்ற எண்ணில் இருக்கிறது. விவாகரத்து வழக்கோடு சேர்ந்து வந்த உத்தரவு என்றால் அது இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவாக இருக்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் அதற்கு இணையானது 38-வது பிரிவு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும் குழந்தைகளுக்கான பிரிவுகள் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழும் உத்தரவு வாங்கியிருக்கலாம்.

பழைய எண்ணில் வாங்கிய உத்தரவு புதிய சட்டம் வந்ததால் காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எண்தான் மாறியது, கடன் அப்படியே இருக்கிறது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, தொகை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. "முதல் மனுதாரருக்கு 7,000, இரண்டாம் மனுதாரருக்கு 5,000" என்று இருந்தால் மனைவியின் பங்கும் குழந்தையின் பங்கும் தனித்தனி. "இருவருக்கும் சேர்த்து 12,000" என்று மொத்தமாக இருந்தால் பின்னால் தலைவலி. குழந்தை வீடு மாறும்போது, அதில் எவ்வளவு குழந்தைக்கு என்பதை முதலில் நீதிபதி பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். புதிதாக வழக்குப் போடுகிறவர்கள் தொடக்கத்திலேயே தனித்தனியாகக் கேட்டு வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பணம் யாருடையது?

அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் பணம் போவதால் அது அம்மாவின் பணம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அம்மா உட்பட. சட்டத்தின் பார்வையில் குழந்தையின் பங்கு குழந்தையுடையது. அம்மா அதை வாங்கிச் செலவழிக்கும் பொறுப்பில் இருப்பவர், அவ்வளவுதான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பலவும் தானாகப் புரியும்.

மனைவி மறுமணம் செய்துகொண்டால் 125-வது பிரிவின் கீழ் அவருக்கான தொகையை ரத்து செய்யக் கேட்கலாம். குழந்தையின் தொகையை அந்தக் காரணத்துக்காகத் தொட முடியாது. அம்மா இறந்தால் அம்மாவுக்கான தொகை அத்தோடு முடிகிறது, குழந்தைக்கானது முடிவதில்லை. "எனக்கு எதுவும் வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம்" என்று அம்மா பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. தன்னுடையதல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

குழந்தை பாட்டியிடம் போனால் பணமும் பாட்டியிடம் போக வேண்டும் என்ற வாதத்துக்கு அடிப்படையும் இதுதான். ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் போய் வைக்க வேண்டும்.

திருத்தக் கதவு எங்கே இருக்கிறது?

எந்தச் சட்டத்தில் உத்தரவு வந்ததோ அதே சட்டத்தில் திருத்தவும் வழி இருக்கிறது. 125-இன் கீழ் வந்ததற்கு 127-வது பிரிவு. புதிய எண்ணில் 146. பணம் பெறுபவரின் நிலையோ கொடுப்பவரின் நிலையோ மாறிவிட்டது என்று நிரூபித்தால் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றி எழுதலாம். இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு இன்னும் தாராளமானது. குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு மூன்றையும் பற்றி, விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும்கூட, அவ்வப்போது புதிய உத்தரவு போடவும் பழையதை நிறுத்திவைக்கவும் திருத்தவும் அது இடம் தருகிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்திலும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த வேலையைச் செய்வது 25-வது பிரிவு.

ஓர் உத்தரவு ஒரு வழக்கில் இருக்க, அதை மாற்ற வேறொரு வழக்குப் போடுவது நம் ஊர் வழக்கம். இதை உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் சரிசெய்யப் பார்த்தது. முந்தைய உத்தரவில் மாற்றம் வேண்டுமென்றால் அந்த வழக்கிலேயே கேட்க வேண்டும்; புதிய வழக்குப் போடுபவர் பழைய உத்தரவு இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்காதபடி கழித்துக்கொள்ள வேண்டும். ஜீவனாம்ச வழக்கில் இன்று எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் இந்தத் தீர்ப்பின் பெயர் காதில் விழும்.

பையன் அப்பாவிடம் வந்துவிட்டான்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது என்பதால் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மனைவிக்கு 7,000, மகனுக்கு 5,000, ஆக மாதம் 12,000 கட்டும்படி உத்தரவு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மகன் அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறான். "பிள்ளையே என்னிடம் இருக்கிறான், இனி எதற்குப் பணம்?" என்று அப்பா அந்த மாதமே மொத்தத்தையும் நிறுத்துகிறார். அடுத்த மார்ச்சில் மனைவி நிறைவேற்று மனு, அதாவது உத்தரவுப்படி வராத பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு போடுகிறார். பத்து மாத நிலுவை 1,20,000 ரூபாய்.

இதில் 70,000 மனைவியின் பங்கு. மகன் எங்கே இருந்தான் என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை நிறுத்த அப்பாவுக்கு எந்த நியாயமும் கிடையாது. மீதி 50,000 பற்றி அவருக்குச் சொல்ல நியாயம் இருக்கிறது: அந்தப் பத்து மாதமும் சோறு போட்டது அவர், பள்ளிக் கட்டணம் கட்டியது அவர். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்ல வேண்டிய இடம் திருத்த மனு. சொல்ல வேண்டிய காலம் ஜூன். நிறைவேற்று மனுவில் நீதிபதி பெரும்பாலும் பார்ப்பது இரண்டே கேள்விகள்தான். உத்தரவு உயிரோடு இருக்கிறதா? பணம் கட்டப்பட்டதா?

கட்டவில்லை என்றால் வாரண்ட் பிறக்கலாம். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி மட்டுமே, கடன் அப்படியே நிற்கும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குபவருக்கும் ஒரு கெடு உண்டு. ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது கொடுபட வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்ட் கேட்டு மனு போட வேண்டும்.

அந்த அப்பா செய்திருக்க வேண்டியது சுலபம். மகன் வந்த மாதமே திருத்த மனு போட்டுவிட்டு, மனைவியின் 7,000-ஐத் தடையில்லாமல் அனுப்பியிருக்கலாம். வழக்கு முடியும்வரை மகனின் பங்கை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவும் கேட்டிருக்கலாம். மனு போட்ட தேதி என்பது குடும்ப வழக்குகளில் ஒரு கல்வெட்டு. ஜீவனாம்சத்தை மனு போட்ட நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்பதுதான் ரஜ்னேஷ் தீர்ப்பின் விதி. திருத்தத்தில் எந்தத் தேதியிலிருந்து மாற்றம் என்பதை நீதிபதி முடிவு செய்வார் என்றாலும், மனுவுக்கு முந்தைய மாதங்களை அசைப்பது மிகக் கடினம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். அங்கே இது இன்னும் கறாரானது. 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒவ்வொரு தவணையும் கெடு தேதி வந்தவுடனே தீர்ப்புக் கடனாகிவிடுகிறது. பின்னோக்கிப் போய் அதைக் குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. திருத்த மனுவின் அறிவிப்பு எதிர்த்தரப்புக்குப் போன தேதிக்குப் பிந்தைய மாதங்களை மட்டும்தான் தொட முடியும். குழந்தை ஒன்றரை ஆண்டு உங்களிடமே வளர்ந்திருந்தாலும், மனு போடாத அந்த மாதங்களின் கடன் உங்கள் தலையில்தான்.

மகன் அப்பாவிடம் வந்தால், அம்மா இனி அப்பாவுக்குக் கட்ட வேண்டுமா? கேட்கலாம். பெற்ற குழந்தையைப் பராமரிக்கும் கடமை ஆண், பெண் இருவருக்கும் உண்டு என்று இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அம்மா நல்ல சம்பளம் வாங்குபவர் என்றால் படிப்புச் செலவை இருவரும் வருமானத்துக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது ரஜ்னேஷ் தீர்ப்பிலும் இருக்கிறது. வருமானமே இல்லாத அம்மாவிடம் போய் இதைக் கேட்பது வீண் வேலை. நீதிபதியின் பொறுமையும் குறையும்.

பணம் கட்டாமல் இருப்பதற்காகவே குழந்தையை இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வாரண்ட் வரும் வாரத்தில் திடீரென்று பிள்ளைப் பாசம் பொங்கும். இந்தக் கதையைப் பலமுறை கேட்டவர்கள் நீதிபதிகள். பள்ளி மாறியதா, மாற்றுச் சான்றிதழ் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது, குழந்தை உண்மையிலேயே அங்கேதான் தூங்கி எழுகிறதா என்று அவர்கள் துருவுவது இதனால்தான்.

பாட்டி வீடு, சித்தி வீடு

நம் குடும்பங்களில் இதுதான் அதிகம் நடப்பது. நீதிமன்றத்துக்கு மிகக் குறைவாக வருவதும் இதுதான். அம்மா திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலைக்குப் போகிறார்; குழந்தை அம்மாச்சியிடம் வளர்கிறது. அப்பாவின் பணம் அம்மாவின் கணக்குக்கு வருகிறது, அம்மா அதை ஊருக்கு அனுப்புகிறார். இப்படி ஒழுங்காக நடக்கும்வரை யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. குழந்தையின் பொறுப்பு இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது. பாட்டி உதவி செய்கிறார்.

அம்மா பணத்தை அனுப்பாதபோதும், அம்மா இறந்துவிட்டபோதும், பெற்றோர் இருவருமே கைகழுவிவிட்டபோதும்தான் சிக்கல். அப்போது வளர்ப்பவர் குழந்தையின் சார்பில் நீதிமன்றத்துக்குப் போகலாம். மனுதாரர் குழந்தைதான்; பாட்டி அதன் கைபிடித்து நிற்பவர். பழைய உத்தரவு இருந்தால், அந்தத் தொகையை இனி யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று மாற்றிக் கேட்க வேண்டும். உத்தரவே இல்லையென்றால் புதிதாகக் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும். குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி அதில் கட்டச் சொல்வது சண்டையைக் குறைக்கும்.

நீண்ட காலம் பாட்டியே வளர்க்கப்போகிறார் என்றால், 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் பாதுகாவலராக நியமிக்கக் கேட்பதும் நல்லது. குழந்தை தன் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு நிலவரம் மட்டுமே. நீதிமன்றம் நியமித்தது என்றால் அது உரிமை. பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் அலுவலகம் எல்லா இடத்திலும் இந்த வேறுபாடு தெரியும்.

இங்கே பாட்டிகளுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத குழந்தைக்காக அப்பாவிடம் பணம் கேட்டால், "பணம் எதற்கு, பிள்ளையைக் கொடுங்கள், நானே வளர்த்துக்கொள்கிறேன்" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். சட்டப்படி அவர் இயற்கைப் பாதுகாவலர். இதில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2008-இல் வந்த ஒரு வழக்கில், மனைவியின் மரணம் தொடர்பான வழக்கை எதிர்கொண்டிருந்த அப்பாவிடம் குழந்தையைத் தர மறுத்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது. 2019-இல், தாய் நோயால் இறந்த பிறகு சித்தி வீட்டில் வளர்ந்த சிறு குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றுதான்: குழந்தைக்கு எது நல்லது? அப்பாவின் நடத்தை, குழந்தையின் வயது, எத்தனை காலம் எங்கே வளர்ந்தது, குழந்தை என்ன சொல்கிறது என்பவையெல்லாம் எடைபோடப்படும். பணம் கேட்டு மனு போடும் முன் இந்தக் கேள்விகளுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். இதற்குப் பயந்தே பல பாட்டிகள் முதியோர் உதவித்தொகையில் பேரப்பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் பயப்படும் அளவுக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டாவது முடிவெடுக்கலாம்.

பெற்றோர் இல்லாமலோ அவர்களால் கைவிடப்பட்டோ உறவினர் வீட்டில் வளரும் ஏழைக் குழந்தைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. வருமான வரம்பும் வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவைத் தேடிப் பிடிப்பதற்குள் பள்ளிக் கட்டணத்துக்கு இது கைகொடுக்கும்.

பொறுப்பு முதலிலா, பணம் முதலிலா?

குழந்தையின் பொறுப்பை, அதாவது கஸ்டடியை, ஒரு நீதிமன்றம் மாற்றிக் கொடுத்தால் ஜீவனாம்சமும் கூடவே மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது. ஆனால் அந்தத் தீர்ப்பு கையில் இருந்தால் பண உத்தரவை மாற்றுவது சுலபம். உரிமையியல் (சிவில்) நீதிமன்றம் ஒன்றின் முடிவால் 125-இன் கீழ் போட்ட உத்தரவு ரத்தாகவோ திருத்தப்படவோ வேண்டும் என்று தெரிந்தால், அப்படியே செய்ய வேண்டும் என 127-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கட்டளையாகவே சொல்கிறது. தீர்ப்பு நகலோடு திருத்த மனு போட வேண்டிய வேலை மட்டும் உங்களுடையது. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின் கீழ் போகிறவர்களுக்கு இந்த இரட்டை வேலை குறைவு. பொறுப்பையும் பணத்தையும் ஒரே நீதிமன்றத்தில் கேட்கலாம்.

பொறுப்பு குறித்த உத்தரவு எதுவும் கல்லில் எழுதியதல்ல. அவை அன்றைய நிலவரத்துக்கு ஏற்பப் போடப்படும் தற்காலிக உத்தரவுகள்தான் என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலவரம் மாறினால் திரும்பவும் கேட்கலாம். மாதத்துக்கு ஒரு முறை கேட்கலாம் என்று இதற்குப் பொருளல்ல.

கோடை விடுமுறைக்கு அப்பாவிடம் போய் வருவதும், ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் பாட்டி வீட்டில் தங்குவதும் "மாற்றம்" ஆகாது. நிலையாக, தொடர்ந்து, குழந்தையின் அன்றாடச் செலவு வேறொருவர் தலைக்கு மாறியிருக்க வேண்டும். விடுதியில் படிக்கும் பிள்ளை என்றால் கட்டணத்தை யார் கட்டுகிறார், விடுமுறைக்கு எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

பழைய வழக்கு எண்ணை (நகலில் எம்.சி. அல்லது ஓ.பி. என்று தொடங்கும்) குறிப்பிட்டு, உத்தரவின் நகலை இணைத்து மனு போட வேண்டும். குழந்தை எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது என்பதே மனுவின் உயிர். அதற்குச் சாட்சியாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவு, கட்டண ரசீது, குடும்ப அட்டையில் பெயர் மாற்றம், ஆதார் முகவரி, மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்துச் சாட்சியைவிடப் பள்ளிக்கூடத்துக் காகிதம் வலுவானது. இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். இதுவும் ரஜ்னேஷ் தீர்ப்பால் கட்டாயமானது. பொய் சொன்னால் அதற்குத் தனியாக நடவடிக்கை வரும்.

எதிர்த்தரப்புக்கு சம்மன் போகும். பெரும்பாலும் சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேசி முடிந்தால் நல்லது. குழந்தை இருக்கும் வழக்குகளில் வாய்தா மேல் வாய்தாவாக இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல். விவரம் தெரிந்த வயதுக் குழந்தை என்றால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். "நீதிபதி கேட்டால் இப்படிச் சொல்லு" என்று பிள்ளையைத் தயார்ப்படுத்திக் கூட்டிப்போவது வேண்டாத வேலை. பத்து வயதுப் பிள்ளை ஒப்பிப்பது யாருக்கும் தெரிந்துவிடும்.

இருவரும் ஒத்துப்போய்விட்டால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். அது போதாது. அதே வழக்கில் கூட்டு மெமோவாக, அதாவது இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதலாகத் தாக்கல் செய்து, நீதிபதி அதைப் பதிவு செய்து புதிய உத்தரவு போட வேண்டும். உறவு திரும்பக் கெட்டுப்போகும் நாளில், நீதிமன்றத்தில் பேசப்போவது பழைய உத்தரவுதான். பீரோவில் இருக்கும் பத்திரத்தை வைத்து வாதாடலாம், ஜெயிப்போம் என்று உறுதியில்லை.

பதினெட்டு வயதானதும் 125-இன் கீழான குழந்தைப் பங்கு பொதுவாக முடிந்துவிடும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு முடியாது. மணமாகாத இந்து மகளுக்கு, தானாக வாழ வழியில்லை என்றால், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவில் அதன் பிறகும் கேட்கும் உரிமை இருக்கிறது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பதினேழு வயதில் வீடு மாறும் பிள்ளைக்காகத் திருத்த மனு போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கு முடிவதற்குள் பிள்ளை மேஜராகிவிடலாம்.

செலவைப் பற்றி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு அதற்கு வழிசெய்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. பாட்டியும் இங்கே போகலாம், குழந்தையின் பெயரில். அப்பாக்களுக்கு வருமான வரம்பு பார்க்கப்படும். போகும்போது பழைய உத்தரவின் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இப்போது படிக்கும் பள்ளியின் ஏதாவது ஒரு காகிதம், கடைசியாகப் பணம் வந்த மாதத்தைக் காட்டும் வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் முதல் நாளே மனு எழுதத் தொடங்கிவிடலாம்.